வெள்ளையாக இருந்த செம்பு

வீட்டுக்காரர் தவறிப் போன மறு வருஷம், தட்டாஞ்சாவடியில் ஒரு பழைய இரும்புக் கடைக்கு ஒயர் உரித்துக் கம்பியைத் தரம் பிரிக்கப் போனேன். பிள்ளை குட்டி இல்லை. வீட்டில் ஒரு பேச்சுச் சத்தம் கிடையாது. கூலியை விட அதுதான் என்னைத் துரத்தியது.

முதல் நாள் பெயரைக் கேட்டார்கள். கூச்சத்தில் குனிந்துகொண்டேன். தலையை மட்டும் ஆட்டினேன்.

"பாவம், வாய் வராது போல," என்றாள் பக்கத்தில் இருந்த அக்கா.

மறுநாள் பேசிவிடலாம் என்று போனேன். அதற்குள் அக்கா ஜாடையிலேயே வேலையைச் சொல்லித் தந்துவிட்டாள். அப்புறம் எப்படி வாயைத் திறப்பது?

ஊமைக்குக் காதும் கேட்காது என்று அவர்களே முடிவு கட்டிக்கொண்டார்கள். மாமியார் கதை, புருஷன் கதை எல்லாம் என் முன்னாலேயே ஓடும். குனிந்த தலை நிமிராமல் உரித்துக்கொண்டே கேட்பேன். எனக்கு அது போதுமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகள்தான் நகராது.

ஒருநாள், பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன்காரர் ஒருவரின் வீட்டை இடித்ததில் கிடைத்த ஒயர் வந்தது. துணி சுற்றிய பழைய ஒயர். உள்ளே கம்பி வெள்ளையாக இருந்ததால் அக்கா அதை அலுமினியச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தாள். என் கத்தி பட்ட இடத்தில் சிவப்புத் தெரிந்தது. மேலே ஈயம் பூசிய செம்பு. சாக்கு ஏற்றும் வண்டி வாசலில் நின்றது. இப்படி ஒருதரம் மாற்றிப் போட்டதற்கே, "இன்னொரு வாட்டி பண்ணா வேலைக்கு வராதே," என்று முதலாளி அவளிடம் சொல்லியிருந்தார்.

செம்புச் சாக்கைக் கை காட்டினேன். அக்கா அதன் பக்கத்தில் இருந்த தண்ணீர்ச் செம்பை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

"அக்கா, அந்தக் கம்பி செம்பு. சுரண்டிப் பாரு."

என் குரல் யாரோ பேசியது போல இருந்தது. அக்கா ஒரு கம்பியைச் சுரண்டினாள். சாக்கைக் கவிழ்த்து, வண்டி ஏறுமுன் எல்லாவற்றையும் பொறுக்கி எடுத்தாள்.

"அடிப்பாவி, அப்போ நாங்க பேசுனதெல்லாம் கேட்டுக்கினுதான் இருந்தியா?" என்றாள் எதிரே இருந்தவள். எல்லோரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. "நல்ல காரியம் பண்ணே," என்று மட்டும் சொன்னாள்.

மறுநாளிலிருந்து என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். மரியாதையாகத்தான். ஆனால் நான் போய் உட்கார்ந்ததும் பேச்சு மழைக்கும் மீன் விலைக்கும் மாறிவிடும். கொஞ்ச நேரத்தில் அதுவும் நின்று, ஒயரைக் கத்தி கீறும் சத்தம் மட்டும் கேட்கும்.