கடைசி வரி வராத தாள்

தெருமுனையில் நகல் கடை வைத்திருந்தவளை எல்லோரும் ஜெராக்ஸக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கட்டிய கணவரே ஆள் முன்னால் அப்படித்தான் கூப்பிடுவார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், முக்கி முனகித் தாள் தள்ளும் ஒரு பிரிண்டர், அவ்வளவுதான் கடை. ஆனால் கைராசிக்காரி. வேறு கடையில் கோணலாக வந்ததும் ஓரம் அறுந்து வந்ததும் இவளிடம் வந்தால் நேராகிவிடும். தாள் தட்டைத் திறந்து இரண்டு பக்கக் கட்டைகளையும் தாளோடு ஒட்டி நகர்த்துவாள். எழுத்து முழுவதும் தாளுக்குள் அடங்கும்படி திரையில் மாற்றிவைப்பாள். மனசுக்குள் கடவுளை ஒரு தரம் கூப்பிடுவாள். தாள் சமர்த்தாக வந்து விழும்.

"அக்கா, அந்தக் கடையில நாலு தரம் எடுத்தேன். நாலும் நொண்டிக்கிட்டே வருது."

"மெஷினைத் திட்டாதேப்பா. தாளை ஒழுங்கா படுக்க வெச்சா அது பாட்டுக்கு வரும்."

அப்படிப்பட்டவளுக்கும் ஒரு செவ்வாய்க்கிழமை கை தவறியது. காலையில் சோப்புக்காரர் வந்து லேபிள் எடுத்துப் போனார். லேபிள் இம்மிகூடச் சுருங்கக் கூடாது என்பதால் உள்ள அளவிலேயே வரும்படி மாற்றிவைத்து அடித்தாள். திரும்ப மாற்ற மறந்துபோனாள். அடுத்து வந்தவர் எதிர்ப்பக்கம் கடை வைத்து மாற்றுச்சாவி போடுகிறவர். கண்ணில் புரை எடுக்க நாள் குறித்து ஆஸ்பத்திரியிலிருந்து அவர் போனுக்குச் சீட்டு வந்திருந்தது. போனில் பார்த்தால் அவருக்கு எறும்பு ஊர்கிற மாதிரிதான் தெரியும். அதனால் தாளில் கேட்டார். ஆஸ்பத்திரிச் சீட்டு நீளம், இவள் தாள் குட்டை. கடைசி வரி தலை மட்டும் தெரிய, உடம்பு அறுந்து வந்தது.

அவள் பார்க்காமல் இல்லை. பார்த்தாள். பின்னால் நாலு பேர் நின்றுகொண்டிருந்தார்கள்.

"என்னம்மா, கீழ என்னமோ குறையுது? இல்ல என் கண்ணுதான் அப்படிக் காட்டுதா?"

"ஒண்ணுமில்லண்ணே. 'கம்ப்யூட்டர் சீட்டு, கையெழுத்து தேவையில்லை'ன்னு எல்லாத்துலயும் அடியில போட்டிருப்பாங்க. நீங்க தைரியமா போயிட்டு வாங்க."

அந்த வரியை எத்தனையோ தாள்களில் பார்த்துப் பழகியவள். அரை எழுத்தைப் பார்த்து முழு வரியையும் தானே நிரப்பிக்கொண்டாள்.

பத்து நாள் கழித்து அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தார்.

"ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுதாண்ணே?"

"எங்கம்மா முடிஞ்சுது! போற வழியில டீயும் ரெண்டு பன்னும் சாப்பிட்டுட்டுப் போயிட்டேன். வெறும் வயித்தோட வரச்சொல்லி சீட்டுல போட்டிருக்காம். திருப்பி அனுப்பிட்டாங்க. இனி ஒன்றரை மாசம் ஆகும்."

அந்த அறுந்த வரி அவள் நினைவுக்கு வந்தது. அவர் சொல்லிக்கொண்டே போனார்.

"அதை யாரும் எனக்குப் படிச்சுக் காட்டின ஞாபகமே இல்ல. உங்களுக்குக் கண்ணு மட்டுமில்ல, புத்தியும் மங்கிடுச்சு, கடையை மூடிட்டு என் வீட்டுக்கு வந்துடுங்கன்னு மக சொல்றா. அவ சொல்றதும் சரிதான் போல. மாசக் கடைசியில சாமானைக் கட்டிடுறேன்."

அவர் போனதும் கம்ப்யூட்டரில் பழைய சீட்டைத் தேடித் திறந்தாள். அடியில் தெளிவாக இருந்தது: அறுவை சிகிச்சைக்கு ஆறு மணி நேரம் முன்பிருந்து எதுவும் உண்ணக் கூடாது.

மூன்று நாள் அவள் தெருவைக் கடக்கவில்லை. எதிரே அவர் சாவியை மூக்குக்கு நேரே பிடித்து அரம் போடுவதும், வாங்கிப் போனவர்கள் "திறக்கலையே" என்று திரும்பி வருவதும் தெரிந்தது. கண்ணை மூடிக் கடவுளிடம் மன்னிப்புக் கேட்டுப் பார்த்தாள். மனசு ஆறவில்லை. கடவுளுக்குத்தான் முதலிலேயே தெரியுமே! தெரிந்தவரிடம் எத்தனை தரம் சொல்லி என்ன, தெரியாதவர் எதிரே உட்கார்ந்திருக்கும்போது?

நாலாம் நாள் சீட்டை முழுசாக அடித்து எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்தாள்.

"அண்ணே, அன்னைக்கு நான் குடுத்த தாள் இருக்கா?"

அரத்தைச் சுற்றி வைத்திருந்த தாளை அவர் பிரித்துக் கொடுத்தார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, விட்டுப்போன வரியை வாய்விட்டுப் படித்தாள்.

"அப்ப எனக்கு மறதி இல்லையா?"

"இல்லண்ணே. தப்பு என்னுது."

அவர் கையிலிருந்த சாவியைத் தடவிக்கொண்டே கேட்டார். "அறுந்து வந்ததை நீ அன்னைக்கே பார்த்தியா?"

பார்க்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"பார்த்தேன்."

"சாவியில ஒரு பல்லு குறைஞ்சாலே பூட்டு திறக்காதும்மா" என்றார். வேறொன்றும் திட்டவில்லை. போனை எடுத்து மகளைக் கூப்பிட்டு, இவள் கையில் கொடுத்தார். "இதை அவகிட்டயும் சொல்லு."

சொன்னாள். மகள் பொரிந்து தள்ளினாள். "ஒரு தாளை ஒழுங்கா அடிக்கத் தெரியாதவங்களுக்கு எதுக்குங்க கடை? எங்கப்பா ராத்திரி பகலா தன்னையே திட்டிக்கிட்டுக் கிடந்தாரு, தெரியுமா?"

"நீ சொல்றது நியாயம்தாம்மா" என்றாள்.

அவர் போனை வாங்கி மகளிடம் சொன்னார். "போதும் விடு. அப்புறம், சாமானைக் கட்டுற பேச்சை இனி எடுக்காத."

புதுச் சீட்டு வந்தபோது அவர் அவளிடமே வந்தார். கட்டையை ஒட்டி, அளவு பார்த்து அடித்து, முதல் எழுத்திலிருந்து கடைசிப் புள்ளிவரை படித்துக் காட்டினாள்.

"எல்லாம் சரி, அந்தக் 'கையெழுத்து தேவையில்லை' வரி எங்க?"

"அது இந்தச் சீட்டுல இல்லவே இல்லண்ணே."

அவர் சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. தட்டைத் திறந்து, பக்கக் கட்டையை இன்னொரு தரம் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.