மேப்பிள் கழுத்துக்கு ஆயுத பூசை

கிட்டாருக்கும் கழுத்து உண்டு. தந்திகள் ஓடுகிற, இடது கை பிடிக்கிற நீளமான பகுதிதான் அது. என் மின்சாரக் கிட்டாரின் கழுத்து மேப்பிள் மரம். வார்னிஷ் இல்லாத வெறும் மரம். பினாங்கில் கடை வைத்திருந்த சித்தப்பா ஊர் திரும்பும்போது கொண்டுவந்து கொடுத்தது. அதற்கு முன் அதை வைத்திருந்தவன், விரல் தடையில்லாமல் ஓட வேண்டுமென்று வார்னிஷை முழுக்கச் சுரண்டிவிட்டானாம். விரல் நன்றாகத்தான் ஓடியது. ஆனால் தோசை மாவு நிறத்தில் இருந்த அந்த மரம் கண்டதையும் குடித்தது. வியர்வை, எண்ணெய், பஸ் புழுதி, எதையும் விடவில்லை.

அதனால் நான் சில சட்டங்கள் போட்டிருந்தேன். கை கழுவாமல் கழுத்தைத் தொடக் கூடாது. வாசித்து முடித்ததும் தந்திகளுக்கு அடியில் மல்துணியை விட்டுத் துடைக்க வேண்டும். கறுத்த இடத்தில் நைசான உப்புத்தாளை வைத்து, மரத்தின் ரேகை போகிற போக்கிலேயே மெல்ல இழுக்க வேண்டும். தண்ணீர் மட்டும் ஆகவே ஆகாது. திருமயத்தில் ஒரு ஜவுளிக்கடையில் துணி கிழித்துப் போட்டுக்கொண்டிருந்த எனக்கு, இதற்கெல்லாம் எங்கிருந்து பொறுமை வந்ததென்று வீட்டில் யாருக்கும் விளங்கவில்லை.

"பெத்த புள்ளையக்கூட ஒருத்தன் இப்புடித் தொடைக்க மாட்டான்டா" என்பாள் ஆத்தா. என்னைப் பெற்றவளை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். கிட்டார் வந்த நாளிலிருந்தே அவளுக்கும் அதற்கும் ஆகாது. அந்தப் பெட்டியைக் கட்டிக்கொண்டு அழுகிறவனுக்கு எவன் பெண் கொடுப்பான் என்பது அவள் கவலை.

அந்த வருஷம் ஆயுத பூசைக்குப் புதுக்கோட்டையில் ஒரு பஸ் கம்பெனி ஷெட்டில் மெல்லிசைக் கச்சேரி. குழுவின் தலைவர் ஆர்மோனியக்காரர். அவர் என்னிடம் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார்: "தம்பி, அன்னைக்கு வந்து வாசிங்க, பாப்போம். சரியா வந்தா நீங்கதான் நம்ம கிட்டார். இல்லேன்னா திருச்சியில ஒருத்தரு ரெடியா இருக்காரு." துணிக்கடையில் ஆயுசைக் கிழிப்பதா, மேடையா என்பது அந்த ஒரு சாயங்காலத்தில் முடிவாக இருந்தது.

பூசையன்று காலையில் ஊருணியில் குளித்துவிட்டு வந்து பார்க்கிறேன், குத்துவிளக்குக்கு முன்னால் அரிவாள்மணை, மண்வெட்டி, படி, உலக்கை. அவற்றுக்கு நடுவில் என் கிட்டார் மாப்பிள்ளை மாதிரி படுத்திருக்கிறது. கழுத்து நெடுக மஞ்சள் குழைத்த சந்தனம். அதன்மேல் விரலகலக் குங்குமப் பொட்டுகள். விரல் பதிக்கிற கட்டை ஒன்று விடாமல் வைத்திருந்தாள்.

"என்னாத்தா பண்ணி வச்சிருக்கே!"

"ஒனக்கு இதானடா ஆயுதம்? அரிவாளுக்கு வச்சா இதுக்கும் வைக்க வேணாமா?"

பாய்ந்து போய்ச் சட்டத்தையெல்லாம் காற்றில் விட்டு ஈரத்துணியால் துடைத்தேன். பொட்டுகள் கலைந்து ஒன்றோடொன்று கூடின. மரம் அவ்வளவையும் ஆனந்தமாகக் குடித்து, அம்மை போட்ட பிள்ளையைப் போல் நின்றது. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

"தொடாதேங்கிறேன். பூசை போட்ட சாமானை நாளைக்கு வெளக்கேத்துனப்புறந்தான் எடுக்கணும்."

"சாயங்காலம் கச்சேரி ஆத்தா! பஸ்ஸுக்கும்தான் பூசை போடுறாங்க. எலுமிச்சம்பழத்து மேல ஏத்தி அன்னைக்கே ஓட்டிக்கிட்டுத்தானே போறாங்க?"

ஆத்தா யோசித்தாள். நியாயம் என்று பட்டால் விட்டுக்கொடுப்பாள், ஆனால் பாதிதான் விட்டுக்கொடுப்பாள். "சரி. அப்ப இதையும் பழத்து மேல ஏத்திட்டு எடு. நானும் கூட வாரேன்."

சக்கரமில்லாத கிட்டாரை எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றிய ஒரே ஆள் இந்தச் சீமையில் நானாகத்தான் இருப்பேன். அடிப்பாகத்தை வைத்து அழுத்தினேன். பழம் பிதுங்கிச் சாறு கழுத்தில் தெறித்தது. தெறித்த இடத்தில் சிவப்புப் போய் மஞ்சள் தெரிந்தது. எனக்குப் போன உயிர் வந்தது. நசுங்கிய மூடியை எடுத்துக் கழுத்து முழுக்கத் தேய்த்தேன். சற்று நேரத்தில் சிவப்பெல்லாம் அடங்கி, முழுக் கழுத்தும் மஞ்சள் பூசிக் குளித்த கல்யாணப் பெண்ணாகிவிட்டது. மேடை விளக்கில் எவனுக்குத் தெரியப் போகிறது என்று துடைத்துப் பையில் போட்டேன்.

ஷெட்டில் பஸ்களுக்கெல்லாம் வாழைக்கன்று கட்டியிருந்தார்கள். ஆத்தா பெண்கள் பக்கம் முதல் வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டாள். நான் சேர்ந்திருந்த சுருதியையே மறுபடி மறுபடி சேர்த்துக்கொண்டிருந்தேன். "வெத்தலை போடுங்க, நடுக்கம் நிக்கும்" என்று தபேலாக்காரர் தட்டை நீட்டினார். பழக்கமில்லாத வேலை. பதற்றத்தில் சுண்ணாம்பை வெற்றிலையில் தடவியதைவிட விரல்களில் தடவிக்கொண்டதே அதிகம். அதற்குள் மேடைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். கால்சட்டையில் துடைத்துக்கொண்டு ஓடினேன். கை கழுவாமல் தொடக் கூடாது என்ற சட்டம் அந்த நேரம் பார்த்து என் புத்தியில் இல்லை.

முதல் பாட்டு தடுமாறி, இரண்டாவது தேறியது. மூன்றாவதில் கிட்டாருக்கென்றே ஒரு துண்டு உண்டு. கண்ணை மூடிக்கொண்டு வாசித்தேன். கை வியர்வையில் குளித்தது. திடீரென்று முன்வரிசையில் ஒரு பெண் அலறினாள்.

"அய்யய்யோ, ரத்தம்! தம்பி கையில ரத்தம்!"

கண்ணைத் திறந்தேன். உள்ளங்கையும் விரல்களும் செக்கச்செவேல் என்று இருந்தன. மணிக்கட்டு வரை வழிந்திருந்தது. சத்தியமாக நானே ஒரு நிமிஷம் பயந்துபோனேன். ஆனால் வலி இல்லை. வலி இல்லாததால் நிறுத்தவில்லை. நிறுத்தாததைப் பார்த்து ஷெட்டே விசிலடித்தது. பாட்டு முடிந்ததும் ஆர்மோனியக்காரர் கண் கலங்க எழுந்து வந்து, மைக்கில் சொன்னார்: "வெரல் கிழிஞ்சும் தாளம் விடலீங்க இந்தத் தம்பி! இனிமே இவருதான் நம்ம குழுவுக்குக் கிட்டார்!"

எனக்கு அப்போதுதான் புத்தி வேலை செய்தது. கழுத்தில் மஞ்சள், விரலில் சுண்ணாம்பு. ஒரு கண்டக்டர் பஸ்ஸிலிருந்து முதலுதவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். அவருக்கு முன்னால் ஆத்தா மேடை ஏறிவிட்டாள். என் கையைப் பிடித்தாள், விரலை நசுக்கிப் பார்த்தாள், முகர்ந்தும் பார்த்தாள். வருஷக்கணக்காக ஊர்க் கல்யாணத்துக்கெல்லாம் ஆரத்தி கரைத்தவளிடம் மஞ்சளும் சுண்ணாம்பும் மறைய முடியுமா? மைக் அவள் வாய்க்குப் பக்கத்திலேயே இருந்தது. என் பிழைப்பு அவள் நாக்கில் இருந்தது. நான் கண்ணாலேயே கெஞ்சினேன்.

"பதறாதீங்க, லேசான காயந்தான்" என்றாள் ஆத்தா, கூட்டத்தைப் பார்த்து.

பிறகு மைக்குக்கு முதுகைக் காட்டிக்கொண்டு என் காதுக்குள் சொன்னாள்: "நல்லா வாசிச்சேன்னா வீட்டு வாசல்ல நிறுத்தி ஆரத்தி எடுக்கணும்னு நெனச்சிருந்தேன்டா. நீயே கையில கரைச்சுக்கிட்டு நிக்கிற."

சொல்லிவிட்டு, என் உள்ளங்கையில் விரலைத் தோய்த்து, என் நெற்றியில் ஒரு பொட்டு வைத்தாள். மகனின் ரத்தத்திலேயே தாய் திலகமிட்டாள் என்று ஷெட் அதிர்ந்தது.