தந்தூரில் விழுந்த மாவு

புகாராவில் அமீரின் ஆட்கள் கத்தியைக் காட்டி மதம் மாற்றிய யூதக் குடும்பங்களில் தோவோவுடையதும் ஒன்று. தெருவுக்கு அவள் ஸெபோ என்ற முஸ்லிம் பெண். வெள்ளிக்கிழமை மதியம் அவள் கணவன் இல்யாவு மசூதிக்குப் போவான். பொழுது சாய்ந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு, துணிப்பையில் வேகவைத்த கொத்தமல்லிச் சோற்றைப் பழைய ஜெபம் சொல்லிச் சாப்பிடுவார்கள். வெளியே தெரிந்தால் இல்யாவின் தலை போய்விடும். தெருவில் யாராவது இருமினாலே தோவோவுக்குச் சோறு இறங்காது.

பாவி மகள், இத்தனை வருஷம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்ததை அவள் கையே காட்டிக்கொடுத்தது!

எதிர்வீட்டில் கல்யாணம். ரொட்டிக்கு மலைபோல மாவு. தெருப் பெண்கள் தந்தூர் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து பிசைந்துகொண்டிருந்தார்கள். ஒருத்தி தன் கொழுந்தன் கழுதையிலிருந்து விழுந்த கதையைச் சொல்ல, எல்லாரோடும் தோவோவும் சிரித்தாள். சிரித்த சிரிப்பில் தன்னை மறந்தாள். விரல்கள் ஒரு துண்டு மாவைக் கிள்ளின, உதடு முணுமுணுத்தது, துண்டு நெருப்பில் விழுந்தது. யூத வீட்டில் மாவு பிசைகிறவள் கடவுளுக்கென்று எடுத்துப் போடும் பங்கு அது.

"என்னடி அது?"

கேட்டவள் ஹகீமா. தெருவுக்குப் புதிதாக வந்தவள். மதம் தவறுகிறவர்களைத் தேடிப் பிடிக்கும் அதிகாரியிடம் அவள் தம்பி வேலை பார்த்தான்.

"எது அக்கா?"

"எதுவா? மாவைக் கிள்ளி நெருப்புல போட்டியே. வாய்க்குள்ள என்னமோ சொன்னியே. நாங்களும் கேக்குற மாதிரி சொல்லேன், பாப்போம்."

சிரிப்பு நின்றுவிட்டது. தோவோவுக்கு இல்யாவின் கழுத்துதான் கண்முன் வந்தது.

"என் பொண்ணுக்கு அக்கா. போன குளிர்ல காய்ச்சல் கண்டு போயிட்டா. சூடு ரொட்டின்னா அவளுக்கு உசுரு. வாசமாவது போய்ச் சேரட்டுமேன்னு..."

குழந்தை செத்தது நிஜம். மற்றதெல்லாம் பொய்.

"பேரு?"

மஸோல். வீட்டுக்குள் அவளை அப்படித்தான் கூப்பிட்டார்கள். நாக்கு நுனிவரை வந்த பெயரைத் தோவோ விழுங்கினாள்.

"குலந்தோம்" என்றாள், தெருவுக்காக வைத்த பெயரை.

ஹகீமா வெகுநேரம் அவள் முகத்தையே பார்த்தாள். பிறகு ஒரு துண்டு கிள்ளி நெருப்பில் போட்டாள்.

"இந்தா குலந்தோம், சாப்பிடு கண்ணு. அங்க செத்துப்போன எம் புள்ள அன்வர் நிப்பான், அவனுக்கும் குடு."

மற்றவர்களும் ஆளுக்கொரு துண்டு போட்டார்கள். மூக்கைச் சிந்தினார்கள். தோவோவும் அழுதாள், அழாமல் என்ன செய்வாள்? குலந்தோம் என்று ஒரு பெண் அந்த வீட்டில் இருந்ததே இல்லை. தெருவே அவளுக்குப் படைக்கிறது. பெற்ற பெண் மஸோலுக்கு ஒரு துண்டு இல்லை.

மஸோலுக்கென்று இன்னொரு துண்டு கிள்ளத் தோவோவின் கை போனது. ஹகீமா கண்ணைத் துடைத்துக்கொண்டே அந்தக் கையைப் பார்த்தாள். தோவோ அதை மணிக்கட்டுவரை மாவுக்குள் புதைத்துப் பிசைய ஆரம்பித்தாள்.