பசிலியா அக்கா வாசலில் தப்பாக எடுத்த பாட்டு

எங்கள் ஊரில் பசிலியா அக்காவின் வாய்க்குப் பயப்படாதவர் கிடையாது. ஆட்டு ரோமம் வாங்க ஓருரோ பட்டணத்திலிருந்து வரும் வியாபாரிகூட அவர் வாசலில் தொப்பியைக் கழற்றிவிடுவான். புருஷன் போய் இருபது வருஷமாக மந்தையையும் உருளைக்கிழங்குக் காட்டையும் தனி ஆளாகப் பார்த்தவர். ஒரே மகன் ஃபெர்மின் நாட்டு எல்லை தாண்டி சாவோ பாவ்லோ நகரத்துக்குத் துணி தைக்கப் போனான். ஆறு மாதம் போன் வந்தது. அப்புறம் நாலு வருஷமாக ஒரு தகவலும் இல்லை.

அவனுடைய தார்க்கா ஆணியில் தொங்கும். அந்த மரக்குழல் காய்ந்தால் வெடித்துவிடும். அதனால் கார்னிவல் திருவிழா முடியும் ஞாயிறு காலையில் அக்கா அதில் சாராயம் ஊற்றி ஊறவைப்பார்.

"எதுக்குக்கா வீணா ஊத்துற? எங்க வாயில ஊத்தினாலாவது புண்ணியம்" என்பேன்.

"அவன் வந்து ஊதுறப்ப வெடிச்சிருந்தா, உன் மண்டையும் வெடிக்கும்டா செவேரோ."

எங்கள் செத்தவர்கள் நவம்பரில் வந்து, மழைக்காலம் முழுக்க இருந்து பயிரை வளர்த்துக் கொடுப்பார்கள். அந்த ஞாயிறு அவர்களை அனுப்பியாக வேண்டும். மூன்று வருஷத்துக்குள் சாவு விழுந்த வீட்டு வாசலில் மட்டும் வழியனுப்புப் பாட்டு. மற்ற வீடுகளில் ஆட்டப் பாட்டு. வழியனுப்பை எடுத்துவிட்டால் பாதியில் விடக் கூடாது. விட்டால் போகிறவர் நடுவழியில் நின்றுவிடுவார்.

வீடு வீடாகப் போய் ஊதும் எங்கள் குழுவில் முதல் குழல் நான். நான் எதை எடுத்தாலும் மற்றப் பதினோரு பேரும் யோசிக்காமல் கூடவே எடுப்பார்கள். இந்த வருஷம் பக்கத்து வீட்டுக் கிழவருக்கு வழியனுப்பு ஊதிவிட்டு, அவர்கள் கொடுத்ததையும் குடித்துவிட்டு, அக்கா வாசலுக்கு வந்தேன். பாழாய்ப்போன என் உதடு அதே பாட்டையே எடுத்தது.

மூன்றாவது அடியில்தான் எனக்கு உறைத்தது. குழலை இறக்கினேன். எல்லோரும் நிறுத்தினார்கள்.

அக்கா சிச்சா என்கிற சோளக்கள் குடத்தோடு வாசலில் நின்றார்.

"வாய் தவறிப் போச்சுக்கா. மன்னிச்சிரு. ஆட்டப் பாட்டு எடுக்கிறோம்."

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் பிழைத்திருப்பேன்.

"எவ்வளவு தூரம் ஊதின?"

"மூணு அடி."

குடத்தைக் கீழே வைத்தார். "அப்ப அவன் கிளம்பியிருப்பான்."

"அக்கா, அவன் உசுரோட எங்கயாவது..."

"நாலு வருஷமா நீயும் அதத்தான சொல்ற. நடுவழியில நிக்கப் போறான்டா. ஊதி முடி."

ஊதினோம். அக்கா வெள்ளைத் துணியை வீசிக்கொண்டு ஊர் எல்லைவரை முன்னால் ஆடிப் போனார். ஒரு அடிகூடத் தப்பவில்லை.

திரும்பி வந்ததும் உள்ளே போய், காலையில் ஊறவைத்த தார்க்காவை எடுத்துவந்தார். சாராயத்தை மண்ணில் கவிழ்த்துவிட்டு, வெயில் விழும் சுவர்மேல் அதை வைத்தார்.

"காயட்டும்" என்றார்.