கூட்டத்துக்கும் ஒரு தனிக்குடித்தனம்

"உங்க வூட்டுல புஸ்தகம் தொட்ட மொத ஆளே நீதான். நீ போய் ஜெபக்கூட்டம் நடத்தப் போறியா?" கோயில் வாசலில் சபை மூப்பரின் மனைவி என்னிடம் இப்படிக் கேட்டார்.

"ஆமாங்கம்மா. இதுலயும் மொத ஆளா இருந்துட்டுப் போறேன்" என்றேன். எஸ்.எஸ்.எல்.சி. தேறிய திமிர் என்று நினைத்திருப்பார். தேறியது உண்மைதானே.

அப்போது கிழக்குத் தாம்பரத்தில், தையல் வேலை செய்யும் ஓர் அக்காவின் வீட்டில் புதன்கிழமைதோறும் ஜெபக்கூட்டம் நடக்கும். மேற்கிலிருந்து நாங்கள் ஸ்டேஷன் மேம்பாலம் ஏறிப் போவோம். ஆட்கள் பெருகிப் பெருகி, கடைசியில் வந்தவர்கள் சமையலறையில் அம்மிக்கல்லின் மேல் உட்கார்ந்து ஜெபித்தார்கள். மேற்கே இருக்கிறவர்களுக்கு எங்கள் வீட்டில் புதுக்கூட்டம், அதை நடத்துவது நான் என்று அக்காவும் போதகரும் முடிவு செய்தார்கள்.

ஞாயிறு ஆராதனையில் போதகர் அறிவித்தார்: "கிழக்குத் தாம்பரம் ஜெபக்கூட்டம் இந்த வாரம் முதல் இரண்டாகப் பிரிகிறது."

அந்தக் கடைசிச் சொல்தான் வினை. சபையில் 'பிரிந்தார்கள்' என்றால் சண்டை என்றுதான் பொருள். வெளியே வந்து செருப்பு மாட்டுவதற்குள் காரணமும் பிறந்துவிட்டது. அக்கா பாடிய ராகம் தப்பென்று நான் எல்லார் முன்னும் திருத்தினேனாம்!

புதன்கிழமை அம்மா இரவல் பாயெல்லாம் வாங்கி விரித்து வைத்தார். ஒருவரும் வரவில்லை. பக்கத்து வீட்டம்மா மட்டும் வாசலில் நின்றபடியே, "உனக்கும் அந்த அக்காவுக்கும் பேஜாராமே? நடுவுல நான் எதுக்கும்மா மாட்டிக்கணும்?" என்றார்.

பாய்களைச் சுருட்டும்போது எனக்கு மூப்பர் மனைவியின் முகமே கண்ணில் நின்றது. இன்னொரு புதனும் இப்படிப் போனால் கூட்டம் தொடங்காமலே முடிந்துவிடும்.

மறுநாள் அக்காவிடம் போய்ச் சொன்னேன். அவர் தையல் மெஷினில் தலையைச் சாய்த்துச் சிரித்தார்.

"பிரியுதுன்னு சொன்னா ஊர் இன்னா நினைக்கும்? தங்கச்சியத் தனிக்குடித்தனம் வெக்கிறேன்னு இல்ல சொல்லியிருக்கணும்! நீ பாயை விரி. மத்தத நான் பாத்துக்குறேன்."

அடுத்த புதன் அக்கா தன் வீட்டுக் கூட்டத்தை நிறுத்தினார். கிழக்குத் தாம்பரத்துக் கூட்டம் முழுவதும் வரிசையாக மேம்பாலம் இறங்கி எங்கள் தெருவுக்குள் வந்தது. ஒருவர் கையில் அரிசி, ஒருவர் கையில் உப்பு, பருப்பு. முன்னால் புதுப் பால் பாத்திரத்தோடு அக்கா.

"எங்க வூட்டுப் பொண்ணத் தனிக்குடித்தனம் வெக்க வந்துகினு இருக்கோம். வழி விடுங்க!" என்று தெருவுக்கே கேட்கக் கத்தினார்.

"ஐயோ, கல்யாணம் எப்போ ஆச்சு?" என்று பக்கத்து வீட்டம்மா ஓடி வந்தார்.

"அவளுக்கு இல்லம்மா, கூட்டத்துக்கு!"

அம்மா பால் காய்ச்சினார். பொங்கி அடுப்பே அணைந்தது. சிரிப்புச் சத்தம் கேட்டே தெருவில் பாதிப் பேர் உள்ளே வந்துவிட்டார்கள். பாட்டை எடுத்துக் கொடுக்கச் சொன்னார் அக்கா. நான் தொடங்கினேன். அவர் வேண்டுமென்றே ராகத்தைத் தப்பாகப் பாடி என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். பக்கத்து வீட்டம்மா பாயின் நடுவில் உட்கார்ந்திருந்தார். மூப்பரின் மனைவியும் வந்திருந்தார். காபி நன்றாக இருக்கிறது என்பதோடு நிறுத்திக்கொண்டார்.

இப்போது எங்கள் வீட்டிலும் அம்மிக்கல் வரை ஆட்கள். பெருங்களத்தூரிலிருந்து வருகிறவர்கள் வாசற்படியில் உட்காருகிறார்கள்; பக்கத்து வீட்டம்மாவின் மகளும் அவர்களில் ஒருத்தி. போதகரிடம், தயவுசெய்து எதையும் அறிவிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நேற்று சாயங்காலம் அம்மாவும் நானும் பெருங்களத்தூர் போய், பக்கத்து வீட்டம்மாவின் மகள் வீட்டில் அந்தப் பால் பாத்திரத்தைக் கொடுத்துவிட்டு வந்தோம்.