முன்னும் பின்னும் தெரிகிற பாதை

என் மகளுக்கு வலது காது கேட்காது. நான்கு வயதில் பொன்னுக்கு வீங்கி வந்து, போகும்போது அந்தக் காதையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. இடது காது நன்றாகவே கேட்கும். பாட்டு கற்கிறாள், வாயாடுகிறாள், தமிழும் இந்தியும் கலந்து சண்டை போடுகிறாள். தெரியாதவர்கள் யாராலும் கண்டுபிடிக்க முடியாது. எங்களுக்கே சில சமயம் மறந்துபோகும்.

மறக்கக்கூடாது என்று புரிந்தது அவளுடைய எட்டாவது வயதில், ஒரு செப்டம்பர் மாலையில்.

நாங்கள் துவாரகாவில் ஒரு சொசைட்டி ஃப்ளாட்டில் இருக்கிறோம். கரூரிலிருந்து பரீட்சை எழுதி மத்திய அரசு வேலை கிடைத்து நான் இங்கே வந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது. கணவருக்கு விமான நிலையத்தில், விமானங்கள் வந்து நிற்கும் தளத்தில் வேலை. மகள் பள்ளி விட்டு வந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு சொசைட்டிக்குள் சுற்றுவாள். அன்றும் அப்படித்தான். நான் பால்கனியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். சாமான் கொண்டுவரும் பைக் ஒன்று அவளுக்குப் பின்னாலிருந்து வந்து, வலது பக்கமாகக் கடக்கப் பார்த்து ஹார்ன் அடித்தது. அவள் வழி விடுவதற்காக ஒதுங்கினாள். ஆனால் வலது பக்கமாக ஒதுங்கினாள். நேராக பைக்கின் மேல்.

நல்லவேளை, பைக் ஓட்டியவர் மெதுவாக வந்தார். பைக் சாய்ந்தது, பால் பாக்கெட் உடைந்து தரையெல்லாம் வெள்ளையானது. மகளுக்கு முட்டியில் சிராய்ப்பு. நான் மாடியிலிருந்து ஓடி இறங்கியபோது அவர்தான் அவளைத் தூக்கி உட்கார வைத்துக்கொண்டிருந்தார்.

"ஏன்டா கண்ணு அந்தப் பக்கம் திருப்பினே?" என்று கேட்டேன்.

அவள் அழுதுகொண்டே இடது பக்கத்தைக் காட்டினாள். "அங்கிள் இந்தப் பக்கத்துல இருந்துதானே வந்தாரு? ஹார்ன் இங்கதானே அடிச்சது?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கிருந்து சத்தம் வந்தாலும் அவளுக்கு இடது காதில்தான் கேட்கும். அதனால் உலகத்தில் உள்ள எல்லா வண்டியும் அவளுக்கு இடது பக்கத்திலிருந்தே வருகிறது. நம் சாலையிலோ முந்துகிறவர்கள் எல்லோரும் வலது பக்கமாகத்தான் முந்துகிறார்கள்.

இரண்டு நாளில் சொசைட்டி வாட்ஸப் குழுவில் அறிவிப்பு வந்துவிட்டது. வளாகத்துக்குள் குழந்தைகள் சைக்கிள் ஓட்டக்கூடாது. கணவர் அதைப் படித்துவிட்டு, "நல்லதாப் போச்சு. சைக்கிளே வேண்டாம். பேட்மின்டன்ல சேத்து விட்டுடலாம்" என்றார்.

"சைக்கிள் இருக்கட்டுங்க. ஓட்டுற இடத்தை மாத்துவோம்" என்றேன்.

"டெல்லியில எங்க போய் மாத்துவே?"

"தேடுறேன்."

எனக்கு அதில் சந்தேகமே இருக்கவில்லை. இத்தனை பெரிய ஊரில் ஒரு குழந்தை சைக்கிள் ஓட்ட ஒரு பாதை இல்லாமலா போகும்? மகளை அழைத்துப் போவதற்கு முன் ஒவ்வொரு இடத்தையும் நான் தனியாகப் போய் ஓட்டிப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். பக்கத்து ஃப்ளாட்டில் சும்மா நின்ற ஒரு லேடீஸ் சைக்கிளைக் கேட்டு வாங்கிக் காற்றடித்தேன். கணவர் வேலையில் காதில் வைத்துக்கொள்ளும் பஞ்சு போன்ற அடைப்பான்கள் வீட்டு டிராயரில் கிடக்கும். அதில் ஒன்றை எடுத்து உருட்டி என் வலது காதில் செருகிக்கொண்டேன். அவளுக்கு எப்படிக் கேட்கிறதோ அப்படிக் கேட்டால்தானே எனக்குத் தெரியும்?

முதல் ஞாயிறு, எங்கள் செக்டாரின் பெரிய சாலை. அதில் சைக்கிளுக்கென்று தனியாக ஓரம் பிரித்துவிட்டிருக்கிறார்கள். பாதி தூரம் கார்கள் நின்றன. மீதியில் மோமோ வண்டியும் சோலே குல்சா வண்டியும். நான் சாலையில் இறங்கி ஓட்ட வேண்டியதாயிற்று. பின்னால் ஒரு ஆட்டோ ஹார்ன் அடித்தது. நான் இடது பக்கம் திரும்பிப் பார்த்தேன். ஒன்றுமில்லை. ஆட்டோ என் வலது முழங்கையை உரசுவதுபோலப் போனது.

இறங்கி நடைபாதையில் நின்றேன். நான்கு வருஷமாக அவளிடம் நான் சொல்லிக்கொண்டிருந்தது ஒரே ஒரு வாக்கியம்தான்: "கவனமாக் கேளு." கேட்பதில் என்ன கவனம் இருக்க முடியும் அவளுக்கு? அந்த வாக்கியத்தை அன்றோடு நிறுத்திவிட்டேன்.

அடுத்த ஞாயிறு பக்கத்திலுள்ள பெரிய பூங்கா. வாசலில் காவலாளி கையை நீட்டித் தடுத்தார். "மேடம், சைக்கிள் அந்தர் நஹி." குழந்தைக்காகப் பார்க்க வந்தேன், ஏழு மணிக்குள் முடித்துவிடுவோம் என்று எனக்குத் தெரிந்த இந்தியில் நயமாகச் சொன்னேன். யோசித்துவிட்டு, "டீக் ஹை, லேகின் ஜல்தி" என்று, சீக்கிரம் முடிக்கச் சொல்லி உள்ளே விட்டார். பாதை நன்றாக இருந்தது. மரநிழல், வண்டியே கிடையாது. சந்தோஷமாக மறுவாரம் மகளை அழைத்துப்போனேன். மூன்று சுற்று முடித்ததும் பிரேக் போட்டு நின்றாள்.

"அம்மா, இது எங்கேயும் போகல."

"என்ன போகல?"

"சுத்திச் சுத்தி அதே பெஞ்சுதான் வருது. ரஸ்தான்னா எங்கயாவது போகணும் இல்ல?"

நியாயம்தான். எனக்கும் அந்த பெஞ்சு அலுத்துவிட்டிருந்தது.

இணையத்தில் குடும்பத்தோடு சைக்கிள் போகச் சிறந்த இடங்கள் என்று போட்டிருந்தவற்றையும் விடவில்லை. நகரத்தின் நடுவில் உள்ள அகலமான அவென்யூவுக்கு விடியற்காலையில் போனேன். பந்தய சைக்கிள்காரர்கள் கூட்டம் கூட்டமாக, ஹார்ன்கூட இல்லாமல், வலது தோளை ஒட்டி விர்ரென்று பறந்தார்கள். ரிட்ஜ் காட்டுப் பாதையில் வண்டிகள் இல்லை, குரங்குகள் இருந்தன. ஒன்று என் கூடையிலிருந்த வாழைப்பழத்தை எடுத்துக்கொண்டு, போகிற போக்கில் கைக்குட்டையையும் எடுத்துக்கொண்டது. மோதி பாக்கில் குடியிருக்கும் சிநேகிதி, "எங்க காலனிக்கு வா, ரோடெல்லாம் காலியா இருக்கும்" என்றாள். காலிதான். ஆனால் ஒவ்வொரு வீட்டு வாசலிலிருந்தும் ஒரு கார் பின்பக்கமாக வந்தது.

பிறகு நவம்பர். புகைக்காற்றில் பள்ளியையே மூடிவிட்டார்கள். சைக்கிள் பால்கனியில் நின்றது. கணவர் பேட்மின்டன் மட்டை ஒன்றை வாங்கி வந்திருந்தார்.

டிசம்பரில் ஒருநாள் அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டு நேரம். எங்கள் பிரிவில் ஒருவர் பறவை பார்க்கிறவர். கைபேசியில் ஒரு பூநாரையின் படத்தைக் காட்டி எல்லோரையும் வியக்க வைத்துக்கொண்டிருந்தார். எல்லோரும் பறவையைப் பார்த்தார்கள். எனக்குக் கண்ணில் பட்டது அதற்குப் பின்னால் இருந்த பாதைதான். கோடு போட்டதுபோல நேரான மண் பாதை, ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் வயல்.

"இது எங்கே சார்?"

"உங்க துவாரகா தாண்டித்தான் மேடம். பெரிய நாலா, அதான் சாக்கடைக் கால்வாய், அதோட கரை. காலையில எருமை வரும், எப்பவாவது பைக் வரும், அவ்வளவுதான்."

அந்த ஞாயிறே போனேன். கடைசி செக்டாரைத் தாண்டி, கிராமம் ஒன்றைக் கடந்து, கரை மேல் ஏறினேன். நாலாவின் நாற்றம் முகத்தில் அடித்தது. வழக்கம்போல வலது காதை அடைத்துக்கொண்டு மிதித்தேன். வெகு தூரத்தில், பாதையின் முனையில், சின்னதாகத் தூசி எழுந்தது. சத்தம் எதுவும் இல்லை. தூசி வளர்ந்தது, அதற்குள் ஒரு பைக் தெரிந்தது. நான் ஓரமாக நின்று எண்ண ஆரம்பித்து ஐம்பதைத் தாண்டிய பிறகுதான் அது என்னைக் கடந்தது.

அங்கேயே நின்று சிரித்தேன். இத்தனை வாரமும் வண்டியே வராத பாதையைத் தேடியிருக்கிறேன். அவளுக்கு வேண்டியது அதுவல்ல. வருகிற வண்டி முன்கூட்டியே கண்ணில் படுகிற பாதை. பூங்காவைப்போல மூடிக் கிடக்கத் தேவையில்லை, திறந்து கிடந்தால் போதும்.

சைக்கிள் கடையில் அவளுடைய ஹேண்டில்பாரின் இரண்டு முனையிலும் கண்ணாடி மாட்டச் சொன்னேன். கடைக்காரர், "மேடம், இதை ஸ்கூட்டியாக்கிட்டீங்க" என்று சிரித்தார். மகளுக்குப் பிடித்துப்போயிற்று. முதல் நாள் கரையில் ஏறியதும் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, பத்பூ!" என்று கத்தினாள்.

"கொஞ்ச நேரத்துல பழகிடும். மிதி."

"இது எங்க போகுது?"

"பாலம் வரைக்கும். அங்க பிரெட் பகோடா கிடைக்கும்."

அதற்குமேல் கேள்வி எதுவும் வரவில்லை. வழியெல்லாம் கண்ணாடியைப் பார்த்து அவளே அறிவித்துக்கொண்டு வந்தாள். "பின்னாடி பைக், ரொம்ப தூரம்." "முன்னாடி எருமை, நாலு." "நாய், ஆனா தூங்குது." நான் வாயைத் திறக்க வேண்டிய வேலையே இல்லை.

மூன்று வாரம் நாங்கள் இருவர் மட்டும் போனோம். ஜனவரியில் கணவருக்கு ஒரு ஞாயிறு விடுமுறை வந்தது. வாடகைக்கு ஒரு சைக்கிளை எடுத்துக்கொண்டு, நம்பிக்கை இல்லாத முகத்தோடு எங்களுடன் வந்தார். வெயில் வந்தபிறகு, ஒன்பதரைக்குத்தான் கிளம்பினோம். கடுகு வயல் மஞ்சளாக இருந்தது. பாதித் தூரம் போயிருப்போம். ஈர வயல்களிலிருந்து பனிமூட்டம் எழுந்து வந்தது. டெல்லிக் குளிரில் இது எப்போதும் நடப்பதுதான், ஆனால் இத்தனை வேகமாக வருமென்று நான் நினைக்கவில்லை. சற்று முன்னால் போய்க்கொண்டிருந்த மகளின் சிவப்பு ஸ்வெட்டர் மங்கிக்கொண்டே போய் மறைந்தது.

அதே நேரம் எங்கோ ஒரு டிராக்டரின் சத்தம். எனக்கே முன்னாலா பின்னாலா என்று தெரியவில்லை.

"கூப்பிடு அவளை!" என்றார் கணவர்.

கூப்பிடுவதில் என்ன பயன்? என் குரல் எந்தத் திசையிலிருந்து வருகிறதென்று அவளுக்குத் தெரியாது, திரும்பிப் பார்க்கப் போய்ப் பாதை நடுவில் வந்துவிட்டால்? பல்லைக் கடித்துக்கொண்டு வேகமாக மிதித்தேன். இருபது முப்பது மிதிதான் இருக்கும். அதற்குள் என் நம்பிக்கை முழுவதும் வற்றிப்போயிருந்தது.

அவள் பாதையில் இல்லை. கரையின் வயல் பக்கச் சரிவில், புல்லில் சைக்கிளைச் சாய்த்துப் போட்டு, அதன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். எங்களைக் கண்டதும் கையை ஆட்டினாள்.

"அம்மா, அப்பா, ஜல்தி இறங்குங்க! கண்ணாடியில ஒண்ணும் தெரியல!"

சைக்கிள்களைத் தள்ளிக்கொண்டு சரிவில் இறங்கினோம். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. பின்னாலிருந்து தீவன மூட்டைகள் ஏற்றிய டிராக்டர் வந்தது. ஓட்டி வந்தவர் எங்களைப் பார்த்து நிறுத்திவிட்டு, குழந்தையை வைத்துக்கொண்டு இந்த மூட்டத்தில் எங்கே கிளம்பினீர்கள் என்று அதட்டினார். பிறகு பத்து நிமிஷத்தில் விலகிவிடும், அதுவரை இங்கேயே இருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

கணவர் அவள் முன்னால் குந்தி உட்கார்ந்தார். "டிராக்டர் வருதுன்னு உனக்கு எப்படித் தெரிஞ்சது?"

"தெரியாது அப்பா. பார்க்க முடியலன்னா இறங்கிடணும். அதான் என்னோட ரூல்."

"யார் சொன்னா?"

"நானேதான் வெச்சேன்."

அவர் என்னைப் பார்த்தார். நான் அப்படி எதையும் சொல்லிக் கொடுக்கவில்லை என்று தலையசைத்தேன். முன்கூட்டியே நான் யோசித்திருக்க வேண்டிய விஷயம், நான் யோசிக்கவில்லை. அவள் யோசித்திருந்தாள். அவர் அவளுடைய ஸ்வெட்டரில் ஒட்டியிருந்த புல்லை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டார். மூட்டம் விலகியதும் திரும்பிவிடலாம் என்று அவர் சொல்வார் என்று நினைத்தேன். "பாலம் இன்னும் எவ்வளவு தூரம்?" என்று கேட்டார்.

அந்த வாரமே சொசைட்டி குழுவில் எழுதினேன். குழந்தைகளுக்கு ஒரு பாதை இருக்கிறது, ஞாயிறு காலை வரலாம், நாற்றத்துக்கும் தூசிக்கும் நான் பொறுப்பல்ல. முதலில் இரண்டு குடும்பம் வந்தது. இப்போது ஏழு குழந்தைகள் வருகிறார்கள். என் மகள்தான் முதலில் போகிறாள், என் கணவர் கடைசியில். அவளுடைய விதியை எல்லோரும் ஏற்றுக்கொண்டாகிவிட்டது. பனி லேசாக இருந்தாலும் யாராவது ஒரு பொடிசு, "ஒண்ணும் தெரியல!" என்று கத்த, ஏழு சைக்கிளும் சரிவில் இறங்கிவிடுகின்றன. அங்கே எருமை மேய்க்கிற ஓர் அம்மாளுக்கு நாங்கள் பழகிவிட்டோம். இவ்வளவு காலையில் படிக்காமல் என்ன சுற்றல் என்று ஒவ்வொரு வாரமும் திட்டுகிறார்.

போன ஞாயிறு மூட்டம் இல்லை. பிள்ளைகள் பாலத்தில் நிற்காமல் அதற்கடுத்த பாலம் வரை போக வேண்டும் என்றார்கள், போனோம். அங்கே பகோடா கிடைக்கவில்லை, டீயும் ரஸ்க்கும்தான். தண்ணீரில் ஒரு ஜோடி சாரஸ் கொக்கு நின்றது, என் மகளை விட உயரம். அவள் சைக்கிளில் சாய்ந்து நின்று, ரஸ்க்கைத் தன் டீயில் நனைத்துக்கொண்டு, அவை பறக்கிற வரைக்கும் கிளம்ப மாட்டேன் என்றாள். வெயில் முதுகில் இதமாக இருந்தது. யாருக்கும் அவசரம் இல்லை.