சாயம் பூசாத முகம்

என் மகள் பிளாக் மெட்டல் குழுவில் பாடுகிறாள். முகமெல்லாம் வெள்ளைச் சாயம், கண்ணைச் சுற்றிக் கறுப்பு, வாயோரம் ரத்தம் என்று மேடையில் நின்று தொண்டை கிழிய அலறுவாள். முதல்முறை பார்த்துவிட்டு இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. பிறகு அந்த ரத்தத்தை நானே காய்ச்சித் தர ஆரம்பித்தேன். சர்க்கரைப் பாகு, சிவப்புக் கலர், கொஞ்சம் கோகோ பவுடர். கடையில் வாங்குவது வாய்க்குள் போகுமே என்ற பயம்தான்.

போன வருடம் அந்தக் குழுவின் நான்கு பேரும் சேர்ந்து இன்னொரு குழுவையும் தொடங்கினார்கள். பைக்கில் ஊர் சுற்றுவது, புரோட்டா தின்பது பற்றிய குஷியான ராக் பாட்டுகள். சாயம் கிடையாது. அவள் சிரித்துக்கொண்டே பாடுவதைப் பார்த்து, இனி எனக்கு நிம்மதி என்றார்கள் எல்லாரும். எனக்கோ பைக் என்றாலே பயம்.

ஒரு ஞாயிறு காலை வீடியோ எடுக்கப் பென்னாகரம் சாலைக்குப் போனார்கள். போய்ச் சேர்ந்ததும் போட்டோ அனுப்ப வேண்டும் என்பது எங்கள் ஏற்பாடு. பத்து மணிக்கு வந்தது. பைக் சாய்ந்து கிடக்கிறது. பக்கத்தில் அவள் கண்மூடிக் கிடக்கிறாள், நெற்றியில் ரத்தம். முகத்தில் சாயம் இல்லை. சாயம் இருந்தால் நடிப்பு, இல்லாவிட்டால் நிஜம் என்றுதான் நான் பழகியிருந்தேன். நான்கு பேரில் ஒருவரும் போனை எடுக்கவில்லை.

ஆட்டோ பிடித்தேன். பென்னாகரத்துக்குச் சற்று முன்னால், புளியமரத்தடியில் நான்கு பேரும் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏம்மா, நீ எங்க இங்க?"

அவள் நெற்றியைத் தொட்டு விரலை நாக்கில் வைத்தேன். இனிப்பு.

"ஆத்தாடி, உங்கம்மா ரத்தங் குடிக்கிறாங்க! நம்மளவிடப் பெரிய மெட்டலு" என்றான் டிரம்ஸ் வாசிப்பவன்.

"ஜாலிப் பாட்டுல வுழறது காமெடிம்மா. போனெல்லாம் பையில கெடந்துச்சு" என்றாள் மகள்.

முழங்கையிலும் சிவப்பு இருந்தது. அதையும் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு.

"இது?"

அவள் சிரிப்பு நின்றது. "போட்டோ அனுப்புன பொறவு நெசமாவே சறுக்கிருச்சு. லேசாத்தான். சொன்னா நீ பயந்துக்குவ…"

இன்று அடுத்த வீடியோ. ரத்தம் கேட்டாள். பாகில் பச்சைக் கலரைக் கலந்து பாட்டிலை நீட்டினேன்.

"ரத்தம் எங்கம்மா பச்சையா இருக்கும்?"

"சாயம் பூசாத பாட்டுக்கு இதுதான் கண்ணு. செவப்பப் பாத்தா நெசம்னு தெரிஞ்சுக்குவேன். வேணும்னா எடுத்துக்க, இல்லன்னா வூட்டுலயே இரு."

எடுத்துக்கொண்டு போனாள். பைக் சத்தம் தெருமுனையில் தேய்ந்து ஒரு மணி நேரமாகிறது. போனை மடியில் வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். போட்டோ இன்னும் வரவில்லை.